நாற்றங்கால்

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று நம்மவர் சொல்லும் பழமொழியில், இழந்தாலும் இழப்பென்று எண்ண வேண்டாத பொருளுக்கு உதாரணமாக மனித சரீரத்திலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது தலைமுடி என்பதைச் சற்றும் கவனியாமலே, நானும் அந்தப் பழமொழியை எத்தனையோ பேரிடம் எத்தனையோ சந்தர்ப்பங்களில் பிரயோகித்து வந்திருக்கிறேன். பழைய இலக்கியத்தில் எவ்விதக் குறையுமின்றி வழங்கிய மயிர் என்னும் சொல்லே காலப்போக்கில் வசவாகத் தாழ்ந்து, இன்று நாலு பேர் கூடிய இடத்தில் உச்சரிக்கக் கூசும் நிலையை அடைந்துவிட்டது. ஆனால் இதே பாஷைதான் ஆடவர் தலைமுடிக்குக் குஞ்சி என்றும், மகளிர் தலைமுடிக்குக் கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, ஐம்பால் என்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயர்களைச் சூட்டி அழகு பார்த்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றிப் பிற்காலத்தில் எழுந்த கதையில், நக்கீரரும் சாட்சாத் சிவபெருமானும் எதிரெதிரே நின்று வாதாடியது மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஒரே கேள்வியின்பேரில்தான். வள்ளுவரோ, தம் நிலையிலிருந்து தாழ்ந்துபோன மனிதருக்கு உவமை தேடியபோது, தலையினின்றும் விழுந்த மயிரைக் கண்டார். இருக்கும் வரையில் சிரசின் ஆபரணம், விழுந்த க்ஷணமே குப்பை என்ற இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் நடுவே அகப்பட்டுத் தவிப்பவர்களைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

முடி அற்பமான வஸ்து என்று வாயால் சொன்ன சமூகங்கள் உண்டே தவிர, உண்மையாகவே அப்படிக் கருதிய சமூகம் எதையும் சரித்திரத்தில் நான் கண்டதில்லை. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவதற்கு முன்னால் குற்றவாளிக்கு மொட்டையடித்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், 1944இல் பிரான்ஸ் விடுதலையடைந்தபோது ஜெர்மானியரோடு உறவு கொண்டதாகக் குற்றம் சாட்டிப் பெண்களை நடுவீதியில் உட்கார்த்தித் தலையை மழித்த அந்நாட்டு ஜனங்களுக்கும், ஒருவரை உயிரோடு விட்டுவைத்தே அவருடைய மானத்தை எடுத்துவிடக்கூடிய இடம் எது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. நம் அக்கிரகாரங்களில், புருஷனை இழந்தவள் பதினைந்து வயதுச் சிறுமியே ஆயினும், நாவிதரை வரவழைத்து அவளைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்துச் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. அந்தப் பெண்ணிடம் போய், முடிதானே அம்மா, என்று ஒருவர் சொல்லியிருக்க முடியுமா? உலகத்தையே ஆண்டவர்களுக்கும் இந்த வேதனையிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், விரோதிகள் தம் வழுக்கையைப் பரிகசித்ததால் மனம் நொந்து, உச்சியில் எஞ்சிய முடியை முன்னுக்கு வாரிக்கொண்டதையும், செனட் சபை தமக்கு அளித்த கௌரவங்கள் யாவற்றினும் எந்நேரமும் லாரல் இலைமாலையை அணியலாம் என்ற உரிமையையே அதிக ஆவலோடு ஏற்றுக்கொண்டதையும் ஸுவெட்டோனியஸ் தம் சரித நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் நெல் சாகுபடி செய்யும் என் நண்பர் ஒருவரின் மூத்த மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். 23 வயதில் நெற்றி இரு புறமும் ஏறத் தொடங்கி, 27 வயதில் உச்சியில் உள்ளங்கையளவு வெறுமை கண்டுவிட்டது. ஒரு பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தபோது கூடவே இரண்டு நாள் தங்கியிருந்த நான், அதுவரை என் கண்ணில் படாத சில காரியங்களைக் கண்டேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நேரே தலைக்குமேல் விளக்கு எரியும் இடத்தை மட்டும் அவன் தவிர்த்தான். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாயிருந்தும் காற்றில் முடி கலைந்துவிடும் என்று உள்ளே தள்ளி அமர்ந்தான். முடிவெட்டும் கடைக்குக் கூட்டமில்லாத மதிய வேளை பார்த்துப் போனான். குளித்து முடித்ததும் தண்ணீர் வடியும் துவாரத்தருகே குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். ஜாதகம் பொருந்தி வந்த மூன்று இடங்கள் புகைப்படத்தைப் பார்த்தபின் பேச்சை நிறுத்திக்கொண்டதாக அவன் தாயார் தனியே சொன்னார். நண்பருக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை. “எனக்கு இல்லையா வழுக்கை? நான் வாழலையா?” என்று அவர் மகனைக் கேட்டார். நானும் என் பங்குக்கு, “முடிதானே தம்பி” என்றேன். அவன் கோபப்படவில்லை. “முடிதானேன்னு எங்கிட்டச் சொல்றவங்க எல்லாருக்கும், அப்பாவைத் தவிர, தலை நிறைய முடி இருக்கு மாமா” என்று மட்டும் சொன்னான்.

தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரே தலை, அதில் ஐயமில்லை. ஆனால் தகப்பனார் 22 வயதில், தம் புகைப்படம் ஒன்றைக்கூட யாருக்கும் அனுப்பாமல், மாமன் மகளையே மணந்துகொண்டவர். விடிந்தது முதல் அடையும் வரை முண்டாசு கட்டிய தலையோடு வயலில் நிற்பவர். க்ஷவரம் செய்துகொள்ளும்போதன்றித் தம் முகத்தைக் கண்ணாடியில் காணும் அவசியம் இல்லாதவர். மகனோ உத்தியோக நிமித்தமாகக் கம்ப்யூட்டர்த் திரையில் தினமும் நாலைந்து மணி நேரம் பிறர் முகங்களோடு பேசுபவன். அந்தத் திரையின் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்துக்குள் தன்னுடைய முகமும் தலையும் ஓயாமல் தெரிந்துகொண்டிருக்கும். மனித குலம் தோன்றிய நாள் முதல் இத்தனை நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த தலைமுறை வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே வெறுமையை ஒருவர் மறந்தே வாழ முடிந்ததற்கும் மற்றவர் க்ஷணமும் மறக்க முடியாமற்போனதற்கும் காரணம் மனவலிமையின் ஏற்றத்தாழ்வு என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

இந்த வியாதியின் காரணத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் அபிப்பிராயங்கள் அநேகம். பட்டணத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் உப்புத் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள், தாய்மார் எண்ணெய் தேய்க்காததைக் குறை சொல்கிறார்கள். உண்மை வேறு. மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, பின்னர் மூன்று மாத காலம் ஓய்வெடுத்து விழுகிறது. அதே வேர்க்காலிலிருந்து வேறொன்று முளைக்கிறது. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது ஆரோக்கியத்தின் பகுதியே ஆகும். பரம்பரை வழுக்கையில் நேர்வது என்னவென்றால், ஒவ்வொரு சுற்றிலும் வேர்க்கால் முன்னிலும் சற்றே சிறுத்து, முடி முன்னிலும் சற்றே மெலிந்து குறுகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிராக முடிந்துபோகிறது. விதையடிக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஹிப்போகிரட்டஸ் காலத்துக் கிரேக்கர்களே கவனித்திருந்தார்கள்; அதன் காரணத்தை 1942இல் விளக்கியவர் அமெரிக்க உடற்கூற்று நிபுணர் ஜேம்ஸ் ஹாமில்டன். இளமையிலேயே விரை நீங்கியவர்களுக்கு வழுக்கை காணவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது, வழுக்கை பரம்பரையாக வந்த குடும்பத்தாருக்கு மட்டும் முடி உதிரத் தொடங்கியது. பாரம்பரியமும் ஹார்மோனும் சேர்ந்தே இக்காரியத்தைச் செய்கின்றன என்பது அதனால் ஸ்திரப்பட்டது. மீசையையும் தாடியையும் வளர்ப்பது எதுவோ அதுவே, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் உருவில், உச்சிமுடியைத் தேய்க்கிறது. ஆனால் ஒரு காதிலிருந்து மறுகாது வரை பின்தலையைச் சுற்றி ஓடும் பட்டையான பகுதியை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. முழு வழுக்கையரின் தலையிலும் பிடரியில் அரைவட்டமாக முடி நிற்பதை நாம் தினமும் காண்கிறோம். முடி நடும் வைத்தியம் முழுவதற்கும் ஆதாரமாயிருப்பது அந்த அரைவட்டமே.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்புக்கென்று கொடுத்த மினாக்ஸிடில் நோயாளிகளின் உடம்பில் முடியை வளர்ப்பதைக் கண்டு அதைத் தலையில் தடவும் திரவமாக்கி 1988இல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். பிராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த ஃபினஸ்டெரைடு சிறு அளவில் 1997இல் வழுக்கைக்கு அங்கீகாரம் பெற்றது. இரண்டும் இருப்பதைக் காக்க வல்லவை. நிறுத்தினால் காத்ததும் போய்விடும். இரண்டாவதைச் சிலர் உட்கொள்ளும்போது ஆண்மை சம்பந்தமான தொல்லைகள் உண்டாவதால் வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடலாகாது.

முடியைப் பெயர்த்து நடும் சிகிச்சை பிறந்த வரலாறோ நிதானமாகச் சொல்லத் தகுந்தது. 1939இல் ஜப்பானிய தோல்நோய் மருத்துவர் ஷோஜி ஒகுடா, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால், முடி உள்ள இடத்திலிருந்து தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து, தீக்காயத் தழும்பினாலும் பிற தழும்புகளாலும் முடி இழந்த தலையிலும் புருவத்திலும் பதித்து, அவை அங்கே வேர்கொண்டு வளர்ந்ததைத் தம் நாட்டு மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அவருக்குப் பின் 1943இல் ஹஜிமே டமுரா ஒற்றை ஒற்றை முடியாகவே எடுத்து நட்டதையும் வெளியிட்டார். யுத்தம் மூண்டிருந்த காலம்; எழுதிய பாஷையோ ஜப்பானிய பாஷை; இருவர் செய்ததும் மேனாட்டாருக்கு வெகுகாலம் தெரியாமலே கிடந்தது. 1952இல் நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்பவர் இவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமலே அதே காரியத்தைச் செய்து, 1959இல் தம் கட்டுரையை வெளியிட்டார். பின்தலை முடியை உச்சிக்குக் கொண்டுபோனாலும் அது பின்தலைக் குணத்தோடேயே வாழ்கிறது; வழுக்கைத் தோலை முடி நிறைந்த இடத்தில் பதித்தாலும் அது வழுக்கையாகவே நிற்கிறது; நட்ட நிலம் எதுவாயினும் பிறந்த நிலத்தின் குணமே மேலோங்கும் என்பதுதான் அவர் நிலைநாட்டிய உண்மை. வழுக்கையரின் அழகாசையிலிருந்து பிறந்த சிகிச்சை இது என்று இன்று அலட்சியமாகப் பேசுவோர், தழும்பேறிய தலைகளோடு ஒகுடாவிடம் வந்த அந்த மனிதர்களைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

காவிரிப் படுகையில் பிறந்த எவனுக்கும் இந்த வரலாற்றைப் படிக்கும்போது வயல்தான் கண்முன் வரும். நாற்றங்காலில் பறித்த நாற்றைக் கட்டிய கட்டுக்கு முடி என்றே எங்கள் பக்கத்தில் பெயர். நாற்றுமுடி விளம்புவது என்பது நடவு வயலில் அந்தக் கட்டுகளை அங்கங்கே வீசி வைப்பது. ஒரென்ட்ரைக் காலத்தில் நட்டது பழைய நடவுபோலக் குத்துக் குத்தாக நட்டதாகும். ஒரு வட்டத்தில் பதினைந்து இருபது முடி சேர்ந்து நின்றமையால், நடப்பட்ட தலை பொம்மையின் தலைபோல வரிசை வரிசையாகத் தெரிந்து, பலருக்கு வழுக்கையினும் பெரிய வெட்கத்தைக் கொடுத்தது. 1984இல் ஜான் ஹெடிங்டன் தலைத்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, முடி ஒன்று முதல் நான்கு வரையான சிறு கூட்டங்களாகவே இயற்கையில் முளைக்கிறது என்று காட்டிய பிறகு, அக்கூட்டத்தைக் கலைக்காமல் அப்படியே எடுத்து நடும் வழக்கம் அடுத்த பத்தாண்டுகளில் உருவாயிற்று. ஒற்றை நாற்று நடவு நம் வயல்களுக்கு வந்ததைப் போன்ற மாறுதல் அது. இன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைக்கருவியால் ஒவ்வொரு கூட்டமாகப் பறித்து, ஊசிமுனையால் போட்ட துவாரங்களில், முடி இயற்கையாகச் சாயும் சாய்வைப் பார்த்து, ஆயிரக்கணக்கில் நடுகிறார்கள். முன்நெற்றியின் விளிம்பில் ஒற்றை முடியையும் உள்ளே போகப்போக இரண்டு மூன்று முடிகளையும் வைக்கிறார்கள். மரத்துப்போகும் ஊசியைத் தலை முழுவதும் போட்டுக்கொண்டு ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை குப்புறவும் மல்லாந்தும் படுத்திருக்க வேண்டும்.

நண்பரின் மகன் ஒரு போக விளைச்சலுக்குச் சமமான பணத்தைச் செலவிட்டு இதைச் செய்துகொண்டான். மூன்றாம் வாரம் ஊருக்கு வந்திருந்தபோது, காலையில் எழுந்து பார்த்தால் தலையணை உறை முழுவதும் நட்ட முடி. நடப்பட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் உதிர்ந்துவிடுவதும், வேர் மட்டும் உள்ளே உறங்கி மூன்றாம் நான்காம் மாதத்தில் மறுபடி முளைப்பதும், பூரண பலன் தெரிய ஓராண்டு ஆவதும் இச்சிகிச்சையின் இயல்பு. ஆனால் பணம் வாங்கியவர்கள் அதை அவனுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கவில்லை. எல்லாம் போயிற்று என்று அவன் கட்டிலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். நாற்பது வருஷம் நடவு நட்ட அவன் தாயார் அருகில் வந்து அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நட்ட நாத்து ஒரு வாரம் பழுத்துத்தாண்டா நிக்கும். அப்புறந்தான் பச்சை புடிக்கும். பயப்படாத” என்றார். வைத்திய நூல் ஒரு பக்கத்தில் விளக்குவதை, கையெழுத்துப் போட மட்டும் கற்ற அந்த அம்மாள் தம் அநுபவத்தால் சொன்னார். நான்காம் மாதத்தில் பச்சை பிடித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் வயலும் தலையும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டில்தான் இந்த வைத்தியத்தின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதை தெளிக்கலாம். பின்தலையில் ஒருமுறை பறித்த இடத்தில் மறுமுறை முளைப்பதில்லை. நடவு என்ற பெயரில் நடப்பது புதிய முடியை உண்டாக்குவதன்று. இருக்கும் முடியை இடம் மாற்றி வைப்பதே. பாதிக்கு மேல் பறித்தால் பிடரி பூச்சி அரித்தாற்போல் வெளுத்துவிடும். அதுமட்டுமன்று, நடப்பட்ட முடி நிற்க, அதைச் சுற்றியுள்ள பழைய முடி வியாதியின் வழியே தொடர்ந்து உதிர்ந்துகொண்டேயிருக்கும். 22 வயதில் நெற்றியைத் தாழ இறக்கி நட்டுக்கொண்டவனுக்கு 40 வயதில் முன்னே ஒரு தீவும் பின்னே வெறுங்கடலுமாகத் தோன்றி, நிரப்புவதற்கு நாற்றங்காலில் நாற்று இல்லாமற்போகலாம். நண்பரின் மகன் முதலில் சென்ற நிலையமொன்றில் ஒரே நாளில் நாலாயிரம் நட்டுப் பள்ளிக்கூட நாளில் இருந்த நெற்றியை மீட்டுத் தருவதாகச் சொன்னார்கள். பிறகு அவன் கண்ட ஒரு மூத்த மருத்துவர், அதில் பாதிக்கும் குறைவாகவே நட முடியும் என்றும், நெற்றியை ஏறிய இடத்திலேயே வைத்து நேர்த்தியாக்குவதே தகும் என்றும், மீதியை 45 வயதுக்காக விட்டுவைக்க வேண்டும் என்றும் சொல்லி, ஆறு மாதம் மருந்தை உபயோகித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினார். அவனுக்கு முதலாமவர் சொன்னதே இனித்தது, அங்கேயே போனான். குற்றம் அவனுடையதென்று நான் சொல்லமாட்டேன்; தாகத்தோடு வருபவனிடம் நாளைக்கென்று கொஞ்சம் மிச்சம் வை என்று சொல்லத் துணிகிற மருத்துவரே அபூர்வம்.

ஒரு வியாதி மனிதனின் ஜீவிதத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க முடியுமா என்ற கேள்விக்குக் கார்டிஃப் நகரத்துத் தோல்நோய் மருத்துவர் ஆண்ட்ரூ ஃபின்லேயும் குல் கானும் 1994இல் ஒரு வழி கண்டார்கள். பத்துக் கேள்விகள், சென்ற ஒரு வார காலத்தில் நேர்ந்தவற்றைப் பற்றி மட்டும் கேட்பவை, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை, ஆக மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் வியாதி வாழ்க்கையை மிகவும் பாதித்திருக்கிறது என்று கொள்வார்கள். வைத்தியர் கண்ணால் காணும் பரப்பளவை அளப்பதை விட்டு நோயாளி மனத்தால் படும் பாட்டை அளக்கத் துணிந்தது உயர்ந்த காரியம் என்பது என் கருத்து. அந்தத் தாளின் தமிழ் வடிவை ஒருநாள் அவனிடம் கொடுத்துப் பார்த்தேன். அரிப்பும் வலியும் எவ்வளவு என்பது முதல் கேள்வி, பூஜ்யம் இட்டான். வழுக்கை வலிப்பதில்லை. வெட்கமோ கூச்சமோ உண்டாயிற்றா என்ற இரண்டாம் கேள்வியில் அவன் கை நின்றுவிட்டது. கடைக்குப் போவது, உடை தேர்வது, நண்பரோடு பழகுவது, விளையாடுவது, வேலை, தாம்பத்தியம் என்று கேள்விகள் தொடர்ந்தன. பந்து விளையாடுவதை ஏன் விட்டான் என்பதை, வியர்வையில் முடி ஒட்டிக்கொண்டு மண்டை தெரியும் என்று அஞ்சித்தான் விட்டான் என்பதை, அவன் தாய்க்கும் சொல்லாததை, அந்தத் தாளின் ஆறாம் கேள்வி அவனிடமிருந்து வாங்கிற்று. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் தாமஸ் காஷ் 1990களின் தொடக்கத்தில் நடத்திய ஆராய்ச்சிகள், வழுக்கை விழும் ஆடவர் பலர் அதைச் சகித்துக்கொண்டு வாழ்ந்தாலும் மனத்துன்பம் மெய்யானதே என்றும், அதே வியாதி கண்ட பெண்களின் துன்பம் ஆடவர் துன்பத்தினும் மிகப் பெரியது என்றும் காட்டின.

பெண்களின் துயரத்துக்குத் தமிழில் பெயர்கூடக் கிடையாது. பெண்ணுக்கு வழுக்கை என்று யாரும் சொல்வதில்லை; வகிடு அகலமாகிவிட்டது, பின்னல் எலிவால்போல் ஆகிவிட்டது என்று சுற்றிச் சொல்கிறார்கள். கூந்தலுள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்ற பழமொழி கூந்தலில்லாதவளைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. அவள் சவுரியை வைத்துப் பின்னிக்கொண்டு மௌனமாயிருக்கிறாள். அவளுக்குப் பெரும்பாலும் தலை முழுவதுமே மெலிவதால், ஆடவர்க்குப் போலப் பறித்து நடுவதற்கு உறுதியான நாற்றங்காலும் பலருக்கு வாய்ப்பதில்லை. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதில் மட்டும் ஆறுதல் உண்டு. பிரசவத்தின்போது ஒருமித்து ஓய்வுக்குப் போன முடிகள் மூன்றாம் மாதத்தில் ஒருமித்து விழுகின்றன. குழந்தை முகம் பார்ப்பதும் அதே சமயந்தான். அது தானே திரும்பிவிடும். கடும் ஜுரத்துக்குப் பின் உதிர்வதும் அப்படியே. புழுவெட்டு என்று நாம் சொல்லும் நோயில் உடம்பின் பாதுகாப்புப் படையே வேர்க்காலைப் பகையென்று தாக்குகிறது. அது தலை முழுவதும் பரவியவர்களுக்கு உள்ளே உட்கொள்ளும் மருந்தாக பாரிசிட்டினிப் 2022இல்தான் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிய இரண்டு மூன்று வாரத்தில் கைப்பிடி கைப்பிடியாக முடி கழன்று வருகையில், உயிர் பிழைத்தால் போதாதா என்று உறவினர் கேட்கிறார்கள். அந்தப் பெண் உயிர்மேல் ஆசை இல்லாமல் அழவில்லை, தன் வியாதியை இனி யாருக்கும் மறைக்க முடியாதென்று அழுகிறாள்.

பழனியில் முடி இறக்கிவிட்டுச் சந்தனம் பூசிய தலையோடு படியேறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் வெட்கத்தின் சாயை இல்லை, பார்ப்பவர்களும் பரிகசிப்பதில்லை. முடியற்ற தலை என்ற அளவில் அந்தத் தலைக்கும் அக்கிரகாரத்து விதவையின் தலைக்கும், மருந்தேற்றிக்கொண்ட நோயாளியின் தலைக்கும் வித்தியாசம் ஏதுமில்லை. முன்னது தானே கொடுத்தது. பின்னவை இரண்டும் கேளாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவை. அந்தக் காணிக்கை முடி ஏலம் போய்த் தரம் பிரிக்கப்பட்டு டோப்பாவாகி, வேறெங்கோ ஒரு நோயாளியின் தலையை மூடுகிறது என்பது எனக்கு மனநிறைவைத் தரும் செய்தி.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. 2016இல் சென்னையில் மருத்துவம் பயின்ற 22 வயது இளைஞர் ஒருவர் முடி நடவு செய்துகொண்டதன் விளைவாக இறந்தார். 2019இல் மும்பையில் நடுத்தர வயது வணிகர் ஒருவர் பதினைந்து மணி நேரம் நீண்ட ஒரே அமர்வுக்குப் பின் இறந்தார். மரத்துப்போகும் மருந்து சிலருடைய உடம்புக்கு ஒவ்வாமற்போகும். அளவு மிகுந்தால் இருதயத்தைத் தாக்கும். அப்பொழுது பக்கத்தில் நிற்கவேண்டியவர் மயக்க மருத்துவர், அழகுக்கலைஞரல்லர். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிப்பில், முடி நடவு பதிவுபெற்ற மருத்துவர்கள் செய்யவேண்டிய அறுவை சிகிச்சை என்றும், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதிய பயிற்சி ஆகாதென்றும் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. வேதனையைப் பார்த்துச் சிரிக்கும் சமூகத்தில் அந்த வேதனைக்கு மருந்து விற்பவனைக் கண்காணிப்பாரும் இருக்கமாட்டார்கள். வெட்கத்தால் வீட்டாரிடம் சொல்லாமல் தனியே போய்ப் படுத்துக்கொள்பவர்களே அதிகம். விபரீதம் நேர்ந்தால் வீட்டாருக்குத் தெரிவது ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்தியினால்தான்.

ஆகையால் இதை வாசிப்பவர்களில் இச்சிகிச்சையை நாடும் இளைஞர் எவரேனும் இருந்தால் அவரிடம் என் வேண்டுகோள் இது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். என் தலையில் துளையிடப்போகிறவர் யார், அவருடைய பதிவு எண் என்ன, மயக்க மருத்துவர் முடியும் வரை உடனிருப்பாரா, என் பின்தலையில் எவ்வளவு பறிக்கப்போகிறீர்கள், எவ்வளவு மிச்சம் வைக்கப்போகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் படுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.